சுவரில் இருந்த மேடம்

மேஸ்திரிக்கு வாய்ப்புண் என்று கேள்விப்பட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கிற வாய் அது. ஓர் அறை முடிவதற்குள் அந்த வீட்டுக்காரருக்கு மேஸ்திரியின் மாமன் மச்சான் எல்லோரும் அத்துப்படி ஆகிவிடுவார்கள். "பேசிப் பேசித் தேஞ்சிருக்கும், ரெண்டு நாள் மூடி வை, ஆறிடும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணிவிட்டுப் போனார்கள்.

அவர் பெண்டாட்டி சிரிக்கவில்லை. அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின், சுவர் பூராவும் ஆணிகளில் அரைகுறையாகத் தைத்த சட்டைகள். திரைக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் கட்டில். மிஷினை மிதித்துக்கொண்டே திரைக்குப் பின்னால் அவர் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருஷமாக அவளுக்குத் தையல் நேராக வந்தது. இந்த நாலைந்து நாளாகத் திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. மனுஷன் பேசாமல் கிடக்கிறார் என்றால் அது வாய்ப்புண் இல்லை, வேறு என்னவோ என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மேஸ்திரிக்கு மூட்டு வாதம். விரல் முட்டியெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டர் பார்த்து ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று தினமும், ஒன்று வாரத்துக்கு ஒரே ஒரு நாள். ரெண்டும் மஞ்சள். ரெண்டும் பொடிசு. முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள், நன்றாகத்தான் கேட்டது. கொத்துக்கரண்டியை எடுத்து மறுபடி வேலைக்குக்கூடப் போனார். அது தீர்ந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே கொடுத்தது வேறு கம்பெனி அட்டை. "பேர் வேற, மருந்து ஒண்ணுதான்" என்றார்கள். எது தினம், எது வாரம் என்று கேட்டாள். சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வந்தாள்.

வந்து அவள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சட்டை தைத்து மிஞ்சிய நீலத்துணியில் நீளமாக ஒரு பட்டி வெட்டி, அதில் வரிசையாக ஏழு குட்டிப் பைகள் வைத்துத் தைத்தாள். நாளுக்கு ஒரு பை. மேஸ்திரிக்கு மாத்திரை மறந்துவிடும், மறக்காவிட்டாலும் மறந்த மாதிரி நடிப்பார். பட்டியைக் கட்டில் தலைமாட்டில் ஆணி அடித்து மாட்டினாள். தினமும் காலையில் அந்தந்த நாள் பையில் விரலை விட்டு மாத்திரையை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து, முழுங்கித் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்து நிற்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அன்றைக்குக் காலையில் வெயில் வருவதற்கு முன்பே புழுக்கம் வந்துவிட்டது. மழைக்கு மூட்டம் போட்டு, மழை வராமல் ஆளைப் படுத்துகிற வானம். கஞ்சியை ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரியுதா?"

"ம்."

"உப்பே போடலியே நான்."

"நீ தண்ணி குடுத்தாலும் எரியும். வச்சிரு, அப்புறம் குடிக்கிறேன்."

அவள் பட்டியிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விடேன்" என்றார். "இதை முழுங்கினாத்தான் உடம்பே என்னவோ பண்ணுது."

"ஆமா, மாத்திரைதான் பண்ணுது. வேலைக்குப் போக சோம்பேறித்தனம்னு சொல்லுங்க. ஒரு நாள் விட்டா மறுபடி விரல் வீங்கிக்கிட்டு உக்காந்திருப்பீங்க, நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடணும்."

"சரி தாயே" என்று வாங்கி முழுங்கினார். தொண்டையில் இறங்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எங்கெங்கேயோ மாற்றி மாற்றிவிட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் எடுத்தது. மூட்டு டாக்டர் லீவு, அடுத்த வாரம்தான் வருவார் என்றது. அவள் விடவில்லை. வாய்ப்புண், காய்ச்சல், படுத்த படுக்கை என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"புதுசா மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"புதுசு இல்லம்மா, அதேதான். கடைதான் மாத்தி வாங்கினேன்."

அந்தப் பக்கம் குரல் நிதானமாக வந்தது. "இங்க கூட்டிட்டு வந்திருங்க, அதான் நல்லது. அவர் வரமாட்டேன்னா, உங்க ஏரியாவுல லைசன்ஸ் இருக்கிற பார்மசிஸ்ட் யாருன்னு கண்டுபிடிச்சு, அந்த மாத்திரையை இப்பவே கொண்டுபோய்க் காட்டுங்க. கடையில எடுத்துக் குடுக்கிற ஆள் இல்லம்மா. லைசன்ஸ் இருக்கிறவங்க. எங்கயாவது ரத்தம் கண்டுச்சுன்னா எதையும் யோசிக்காதீங்க, நேரா வந்திருங்க."

ஆஸ்பத்திரி என்றதும் மேஸ்திரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான்னு தெரிஞ்சா ஒருத்தன் என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டான். போ, போய்த் தைக்கிற வேலையைப் பாரு."

அவள் பட்டியை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி, மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் அதோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவில்லை.

மருந்துக்கடையில் நிற்கிற ஆளுக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். அட்டையைக் கத்திரியால் வெட்டுகிற வேகம் அப்படி. சொல்லி வாய் மூடுவதற்குள் வெட்டி, கவரில் போட்டு, காலைக்கு ஒரு சூரியன் ராத்திரிக்கு ஒரு நிலா என்று பேனாவால் வரைந்து கையில் கொடுத்துவிடுவான். கெட்டவன் இல்லை. பத்துப் பேர் நின்றால் பத்துப் பேருக்கும் முகம் கோணாமல் கொடுப்பான்.

"வாய்ப்புண்ணா? உஷ்ணம்தான்க்கா" என்று ஒரு களிம்பை எடுத்து மேடைமேல் வைத்தான். "இதைத் தடவுங்க. கூடவே சத்து மாத்திரை ஒரு அட்டை தர்றேன்."

"அது வேண்டாம் தம்பி. இங்க லைசன்ஸ் யாருக்கு இருக்கு?"

கத்திரி சிரித்தான். "எதுக்குக்கா?"

"பேசணும்."

"என்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

"உன்கிட்ட கேட்டுத்தானே வாங்கிட்டுப் போனேன். இப்ப அவங்ககிட்ட கேக்கணும். அதோ தொங்குதே, அந்தப் பொண்ணுதானே?"

கல்லாவுக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் தொங்கியது. மூலையில் ஒரு பெண்ணின் படம். ஒல்லியான முகம், இறுக்கிப் பின்னிய தலை, கேமராவைப் பார்த்துப் பயந்த கண். கண்ணாடியில் தூசி.

"ஆமா, மேடம்" என்றான் கத்திரி. "சாப்பிடப் போயிருக்காங்க."

"இப்பத்தானே விடிஞ்சுது."

"டிபன் சாப்பிட."

"சரி, வரட்டும்" என்று அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்திரிப்பதாக இல்லை.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இருமல் மருந்து, தலைவலி மாத்திரை, குழந்தைக்குப் பால் பவுடர். கத்திரி வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் இவளை ஓரக்கண்ணால் பார்த்தான். இவள் சுவரில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். வீட்டில் ஒரு மனுஷன் தனியாகக் கிடக்கிறார், இங்கே நான் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கால் தானாக மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடியது.

கடை முதலாளி பின்கட்டிலிருந்து வந்தார். கத்திரி அவர் காதில் ஏதோ சொன்னான்.

"என்னம்மா பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்லீங்க. மேடத்துக்குக் காத்திருக்கேன்."

"மேடம் இன்னிக்கு வர மாட்டாங்க."

"டிபன் சாப்பிடப் போயிருக்காங்கன்னு சொன்னாரே தம்பி."

முதலாளி கத்திரியை ஒரு முறை முறைத்தார். "சாப்பிட்டுட்டு அப்படியே ஊருக்குப் போறாங்க."

"எந்த ஊரு? போன் நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

"ஏம்மா, ஒரு வாய்ப்புண்ணுக்கு மேடம் எதுக்கு? களிம்பு குடுத்தாச்சு இல்ல? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, வழிய விடுங்க."

"அவங்க இந்தக் கடைக்கு வந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

கேட்டுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். முதலாளியின் கழுத்து சிவந்தது. "இதெல்லாம் நீ கேக்கற விஷயம் இல்ல" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே ஒன்றும் பெயராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை உண்டு. நடந்தாள். அங்கேயும் சுவரில் ஒரு படம். வழுக்கைத் தலை, தடிமனான கண்ணாடி, நல்ல தைரியமான முகம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு மாலை போட்டிருந்தது. கடையில் இருந்தவன் அவர் மகன். வாடிய முகத்தோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பாவாங்க?"

"ஆமாக்கா. தவறிட்டார். அவர் பேர்லதான் இன்னும் ஓடுது. மேல இருந்து அவர்தான் கடையைப் பாத்துக்கிறார்."

அவள் பட்டியை எடுத்து விரித்து மாத்திரையைக் காட்டினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்ச மாதிரி நான் ஒண்ணு சொல்லி, அது வேற மாதிரி ஆயிட்டா? அப்பா இருந்தா தொட்டுப் பாத்தே சொல்லிடுவார்."

"வேற யார்கிட்ட போறது தம்பி?"

"இந்தப் பக்கத்துல எத்தனை கடை வேணும் சொல்லுங்க, காட்டறேன். கடை இருக்குக்கா. ஆள் இல்ல."

உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

வெளியே வந்தபோது தூற்றல் ஆரம்பித்திருந்தது. ஒரு பாத்திரக்கடை வாசலில் ஒதுங்கினாள். ஒரு பாட்டம் அழலாமா என்றிருந்தது. அழவில்லை. கையில் இருந்த பட்டியைச் சுருட்டிக்கொண்டே முதல் கடைப் படத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அதில் என்னவோ தெரிந்த ஒன்று இருந்தது. தலை நேராக இருந்தது, பின்னல் நேராக இருந்தது, சட்டைக் கழுத்து மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. யாரோ கத்துக்குட்டி தைத்த சட்டை என்று கடையிலேயே நினைத்திருந்தாள்.

கோளாறு தையலில் இல்லை. தோள் சரியில்லை. இடது தோள் ஒரு விரற்கடை இறக்கம்.

போன மாதம்தான் அவள் அந்தத் தோளுக்குச் சட்டை தைத்தாள். இடது பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தூக்கிக் கொடுத்தாள். பின்தெருவில் மாடி வீட்டு மருமகள். இப்போது பிள்ளை பெற்று உடம்பு வைத்துவிட்டது, கன்னம் உப்பிவிட்டது. "என்னம்மா படிச்சிருக்க?" என்று அளவெடுக்கும்போது கேட்டதற்கு, "ஏதோ படிச்சேன்க்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பெண்.

அவள் மழையோடு நடந்தாள்.

மாடி வீட்டுக் கதவைத் திறந்தது மாமியார். கையில் துவைத்த துணி வாளி.

"என்ன தையல்காரம்மா, மழையில?"

"உங்க மருமக கிட்ட பேசணும்மா. அவங்க மருந்து..." என்று ஆரம்பித்தாள். மாமியார் முகத்தை இறுக்கிக்கொண்டு கதவைப் பாதி சாத்தினாள்.

"அவ எங்கயும் வேலைக்குப் போறதில்ல. யார் சொன்னது உனக்கு?"

தையல்காரி கழுத்தில் கை வைத்தபோது அளவு நாடா தட்டுப்பட்டது.

"வேலையைப் பத்தி யாரும்மா கேட்டா? மருந்து வாசனை அடிக்குது, அலசித் தைங்கன்னு ஒரு துணி குடுத்தாங்களே, அந்தச் சட்டைதான். தோள் அளவு எங்கயோ தொலைச்சிட்டேன். ஒரு தடவை எடுத்துட்டா இன்னிக்கே வெட்டிருவேன்."

வாயில் வந்த பொய்தான். மாமியார் அரை மனதோடு விலகினாள். "சீக்கிரம் எடு. குழந்தை தூங்குது."

உள்ளறையில் மருமகள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி கதவை ஒருக்களித்துவிட்டு அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகில் நாடாவை வைத்தாள். அறைக்கு வெளியே வாளிச் சத்தம் கேட்டது.

"கையை மடக்காத. நேரா நில்லு" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு காதருகே தணிந்த குரலில், "உன் படம் மருந்துக்கடையில தொங்குது" என்றாள்.

நாடாவுக்குக் கீழே அந்த முதுகு விறைத்தது.

"அக்கா, சத்தமாப் பேசாதீங்க."

"நான் சத்தமாவா பேசறேன்?"

"நான் அங்க போறதில்லக்கா. கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்காரர்தான் சான்றிதழைக் கொண்டுபோய்க் குடுத்தார். சும்மா பெட்டியில இருக்கறது அங்க தொங்கினா மாசம் ஏதோ பணம் வருமேன்னு. எல்லாருமே அப்படித்தான் செய்யறாங்க. வெளிய தெரிஞ்சா எங்க வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

"நீ போறியா வர்றியான்னு கேக்க நான் வரல. என் புருஷன் கஞ்சி முழுங்க முடியாமக் கிடக்கார். உன் கடை மாத்திரை. இது என்னன்னு பாத்துச் சொல்லு, நான் போயிடறேன்." நாடாவை இடுப்புக்கு இறக்கினாள். "இடுப்பு கொஞ்சம் கூடிருக்கு" என்றாள் வெளியே கேட்கிற மாதிரி.

"படிச்சு ரொம்ப நாளாச்சுக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. பாரு."

பட்டியை எடுத்துக் கட்டில்மேல் விரித்தாள். மருமகள் குனிந்தாள். ஒரு பையில் விரலை விட்டாள், மாத்திரையை எடுத்தாள், அட்டையோடு வைத்துப் பார்த்தாள். டாக்டர் சீட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடுத்த பை. அதற்கடுத்த பை. விரல் வேகமாகிக்கொண்டே போனது. கடைசிப் பையில் ரெண்டு மாத்திரை இருந்தது. அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது சத்து மாத்திரைக்கா. தினமும் சாப்பிட வேண்டியது. இதை எதுக்கு ஒரு நாளைக்கு மட்டும் வச்சிருக்கீங்க?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"மத்த எல்லாப் பையிலயும் இருக்கே, அதான் மூட்டு மாத்திரை. வாரத்துல ஒரு நாள்தான் சாப்பிடணும். தினமும் குடுத்தீங்களா?"

தையல்காரி தலையை ஆட்டினாள்.

"எத்தனை நாளா?"

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். இன்னிக்குக்கூட. வேண்டாம்னார். நான்தான்..." அவள் பட்டியைக் கையால் தள்ளினாள். "நான்தான் வாயில போட்டேன். ஒரு நாள்கூட விடாமப் போட்டேன். பை தச்சுப் போட்டேன்."

"ரத்தம் ஏதாவது வருதா? ஈறுல, மூக்குல? உடம்புல நீலமா எங்கயாவது?"

"தெரியலியே."

"தெரியணும்க்கா. வாங்க."

அதுவரைக்கும் தணிந்து பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. கதவை முழுக்கத் திறந்தாள். "அத்தை, குழந்தையைப் பாத்துக்குங்க" என்று செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பற? மழை பெய்யுது. அளவெடுக்கத்தானே வந்தா இவ?"

"எடுத்தாச்சு அத்தை."

"உன் புருஷன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவர் கொண்டுபோய் மாட்டின படத்தால ஒரு ஆள் படுத்துட்டார்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். மாமியார் வாளியோடு அப்படியே நின்றாள். மருமகள் அந்த வீட்டில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

ரெண்டு பேரும் குடையில்லாமல் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். வழியில் தையல்காரி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "பொழைப்பாரா?" மருமகள், "இதை முறிக்க மாத்து மருந்து இருக்குக்கா. சீக்கிரம் போகணும்" என்று மட்டும் சொன்னாள். பொழைப்பார் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லாததால் தையல்காரி நடையை விட்டு ஓடினாள்.

மேஸ்திரி கண்ணை மூடிக் கிடந்தார். மருமகள் யார் எவர் என்று ஒன்றும் சொல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணா, வாயைத் திறங்க" என்றாள். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"திறங்க. நான் பார்மசிஸ்ட்."

உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புண், ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள். அடிபடாமலே அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. தலையணையைத் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த ரத்தக்கறை.

தையல்காரி தலையணையைப் பிடுங்கிப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"நேத்து ராத்திரி" என்றார் மேஸ்திரி, திருடி அகப்பட்ட குழந்தை மாதிரி. "நீ பாத்தா பயப்படுவேன்னுதான் திருப்பிப் போட்டேன்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணா."

"நாளைக்குப் பாக்கலாம்மா. ஒரு வீட்டுல வேலை பாதியில நிக்குது. வாய்ப்புண்ணுக்குப் போய்..."

"வாய்ப்புண் இல்ல. மருந்து உங்களுக்கு விஷமாயிருக்கு. வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டிருக்கீங்க. உடம்புல ரத்தம் ஊறறது நின்னுக்கிட்டிருக்கு. நாளைக்குன்னு சொல்ல உங்களுக்கு நாளைக்கு இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள். மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தார். சட்டையைத் தேடினார். பொத்தானைத் தையல்காரிதான் போட்டுவிட்டாள், ஒவ்வொன்றாக.

வண்டியில் அவர் தலை பெண்டாட்டி தோளில் சாய்ந்திருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்னு சொன்னீங்களே, வேண்டாம்னு சொன்னீங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அவருக்கு வாய் வலித்தாலும் விடவில்லை. "உன் கையால குடுத்தா நான் எதைத்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் அவள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. முன் சீட்டில் இருந்த மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். மருமகள் அட்டையை நீட்டி, மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், கடைசியாக இன்று காலை என்று மளமளவென்று சொன்னாள். மாற்று ஊசியின் பெயரையும் அவளே சொன்னாள். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஊசியை எடுத்துவர விரட்டினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஈரத் துணி, வீட்டுச் செருப்பு, தோளில் குழந்தை கக்கிய கறை.

"நீங்க பேஷன்டுக்கு யாரு?"

"சொந்தம் இல்ல சார்."

"மாத்திச் சொல்லிக் குடுத்தது எந்தக் கடை? நான் ரிப்போர்ட் பண்ணணும்."

தையல்காரி பக்கத்தில்தான் நின்றாள். கடைப் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்தப் பெண் படமும் சேர்ந்து வரும். காலையிலிருந்து எவ்வளவு ஆத்திரம் இருந்ததோ, அவ்வளவும் இப்போதும் இருந்தது. ஆனால் மழையில் கூட ஓடி வந்தவளும் இவள்தான். சொல்வதா வேண்டாமா என்று அவள் திணறுவதற்குள் மருமகளே வாயைத் திறந்தாள்.

"நான் சொல்றேன் சார்" என்றாள். கடை பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். "அந்தக் கடைக்கு லைசன்ஸ் பார்மசிஸ்ட் நான்தான். சுவர்ல என் படம்தான் இருக்கு. நான் ஒரு நாள்கூட அங்க நின்னதில்ல. அதையும் எழுதிக்குங்க."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அவள் அழவில்லை. இடது தோள் மட்டும் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. தையல்காரி தன் முந்தானையை எடுத்து அந்த ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மேஸ்திரி பிழைத்தார். ரத்தம் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், ஒரு சமயம் கை விரித்துவிடுவார்கள் போலக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாகிவிட்டார், வாய் மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது. மருந்துக்கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள். கத்திரி ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்று, "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்றான். "தெரியாததுதான் தப்பு" என்றாள் அவள். உள்ளே கூப்பிடவில்லை. மாடி வீட்டில் பெரிய ரகளை, புருஷன் பேசுவதில்லை, மாமியார் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறாள் என்றெல்லாம் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

தையல்காரி மிஷினைத் தொடவில்லை. அந்த ஏழு பைப் பட்டியை வீட்டுக்கு வந்த அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டாள். ஊசியைக் கையில் எடுத்தாலே அந்தப் பைகள்தான் கண்ணில் வந்தன. துணி கொடுத்தவர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் மருமகள் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளைத் துணி.

"ஒரு கோட்டு தச்சுக் குடுங்கக்கா."

"எங்க போட்டுக்கப் போற?"

"விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. லைசன்ஸைப் பிடுங்கினாலும் பிடுங்குவாங்க. அதுக்குப் போகும்போது போட்டுக்கறேன். படிச்சு முடிச்சதுலேர்ந்து ஒரு நாள்கூடப் போட்டதில்ல."

"பிடுங்கிட்டா?"

"திருப்பிக் கேப்பேன். குடுக்கிற வரைக்கும் கேப்பேன். குடுத்தா ஏதாவது ஒரு கடையில நானே நிப்பேன். படத்தை மட்டும் இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்."

தையல்காரி துணியைத் தடவிப் பார்த்தாள். நல்ல துணிதான். நாடாவை எடுக்கவில்லை, அளவு கையிலேயே இருந்தது. "உன்மேல எனக்குக் கோவம் போகல" என்றாள். "தெரிஞ்சுக்க."

"போக வேண்டாம்க்கா."

"இடது பக்கம் பஞ்சு வைக்கவா?"

"வேண்டாம். இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அவள் போனதும் தையல்காரி வெகுநேரம் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சாக்குக்கட்டியை எடுத்துக் கோடு போட்டாள், வெட்டினாள். மிஷினில் நூல் கோத்தாள். உடம்பு, கை, கழுத்து எல்லாம் ஓடிவிட்டது. முன்பக்கம் பை வைக்கிற இடத்தில் வந்து கால் நின்றது. பையில்லாமல் கோட்டு உண்டா? சின்னச் சதுரத்தை வைத்து, விரலால் அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மிதித்தாள்.

மிஷின் சத்தம் கேட்டு மேஸ்திரி திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஆரம்பிச்சிட்டியா? யாருக்குத் தைக்கிற?"

"மருந்துக்கடைக்காரிக்கு."

"எந்தக் கடை?"

"கடை இன்னும் இல்லீங்க" என்றாள். "ஆள் இருக்கு."

அவர் அதற்கு ஏதோ பெரிதாகப் பேச ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டே தைத்தாள்.